மழையை விட்டு மிச்சத்தை வெட்டியவர்

“எல்லாம் சரி பிள்ளை. கையை என்ன செய்யிறது?”

கடை முதலாளி அக்கா இதைக் கேட்டது மோர்னிங்சைட்டில் இருந்து வந்திருந்த ஒரு பெண்ணிடம். மேசையில் அவளுடைய கலியாணப் படம் கிடந்தது. படத்தில் இருந்து புருஷனை எடுத்துவிட்டு, அவளை மட்டும் புதுப் பிரேமில் போட்டுத் தரவேண்டும். ஆளை வெட்டுவது லேசு. ஆனால் அவனுடைய வலது கை அவளின் தோளில் கிடந்தது.

“கொம்பியூட்டரில அழிக்கேலாதோ அன்ரி?”

“அழிக்கிற கடை ரோட்டுக்கு அங்கால. நான் வெட்டுறனான். கையையும் எடுத்தால் உம்மட தோளில ஓட்டை விழும். விட்டால் ஆரோ ஒருத்தன்ர கை தோளில கிடக்கும். எது வேணும்?”

அவள் அரை மணித்தியாலம் கதிரையில் இருந்து யோசித்தாள். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அந்தக் கடையில் பகிடி விடுகிற வேலை என்னுடையது. “விடுங்கோ தங்கச்சி, பஸ்ஸில நிண்டு வரேக்க ஆரோ பிடிச்சதெண்டு சொல்லலாம்” என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “கை கிடக்கட்டும்” என்றாள்.

அக்கா வெட்டினார். நாலு விரலும் மோதிரமும் மிஞ்சின. மோர்னிங்சைட்டில் ஏதோ ஒரு வீட்டு ஹோலில் அந்தப் படம் இன்றைக்கும் தொங்கும் என்று நினைக்கிறேன். சிவப்புக் கூறைச் சேலையில் ஒரு மணப்பெண், அவளைப் பிடித்துக்கொண்டு எங்கிருந்தோ வந்த ஒரு கை.

எங்கள் கடை ரொறன்ரோவில், அஜின்கோர்ட்டில், ஒரு பல் வைத்தியருக்கும் ஒரு கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் இருந்தது. படங்களுக்குப் பிரேம் போடப்படும், லாமினேற் செய்யப்படும் என்று மட்டும்தான் பலகையில் எழுதியிருந்தது. செத்தவரின் அந்தியேட்டிக்குப் பெரிதாக்கின படம், பெரியபிள்ளையானவளின் சாமத்தியவீட்டுப் படம், பிள்ளைகளின் பட்டமளிப்பு, சாமிப்படம். பலகையில் எழுதாத வேலைதான் அக்காவின் வேலை. கோபித்துக்கொண்ட தமையன், சொல்லாமல் போன மனுசி, வீட்டுக்கு ஆகாத மருமகன், எல்லோரையும் குடும்பப் படத்தில் இருந்து எடுத்துவிடுவார். ஒப்பரேஷன் செய்கிறவர்கள் பாவிக்கிற மாதிரி ஒரு மெல்லிய பிளேட். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுவை. மிச்ச ஆட்களை நெருக்கி ஒட்டிவிட்டால், அந்த இடத்தில் ஒருவர் நின்றார் என்று பெற்ற தாயும் சொல்லமாட்டாள்.

வெட்டினவர்களை அக்கா எறியமாட்டார். மற்ற வீடுகளில் நூலும் ஊசியும் கிடக்கிற அந்த வட்டமான நீலப் பிஸ்கற் தகரம் அவருடைய கதிரைக்குக் கீழே இருக்கும். அதற்குள் போடுவார்.

“கொம்பியூட்டரில அழிச்சால் ஆள் எங்க போறான்? ஒரு இடமும் இல்லை. வெட்டினால் தகரத்துக்க இருப்பான். கோபம் ஆறினால் கேட்டு வருவினம்.”

வருவார்கள்தான். மூன்று வருசத்துக்குப் பிறகு ஒருவர் தன் தம்பியைக் கேட்டு வந்தார். அக்கா இரண்டு நிமிசத்தில் தம்பியைத் தேடி எடுத்துவிட்டார். ஆனால் கையில் கொடுக்காமல் கேட்டார்: “ஆர் முதல் ரெலிபோன் எடுத்தது?”

“தம்பிதான்.”

“நினைச்சன்” என்று சொல்லி, தம்பியை அவருக்குப் பக்கத்தில் ஒட்டாமல் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தார். அந்த மனிசன் அதை அப்படியே வாங்கிக்கொண்டு போனார்.

இன்னொருவருக்கு யூனியன்வில்லில் பெரிய வீடு. மருமகனை வெட்டவேண்டும் என்று வந்தார். படத்தில் மருமகன் பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தான்.

“இவரை எடுத்தால் பிள்ளை காத்தில தொங்கும்” என்றார் அக்கா. “காத்தில விடட்டோ?”

மனிசன் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வந்தார்.

“பிள்ளையையும் வெட்டுங்கோ.”

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு வெட்டினார். தகப்பனும் பிள்ளையும் ஒரே துண்டாக வந்தார்கள். அன்றைக்கு நான் வைத்த தேத்தண்ணி பின்னேரம் வரைக்கும் அப்படியே கிடந்து ஆடை கட்டியது.

நான் அந்தக் கடைக்கு வேலைக்குப் போன விதத்தையும் சொல்லவேண்டும். நாற்பத்தாறு வயதில், கார்ச் சாமான் செய்கிற தொழிற்சாலையைப் பூட்டி எங்களை வெளியில் விட்டார்கள். மகளின் நீச்சல் சேர்ட்டிபிக்கற்றை லாமினேற் செய்ய வந்தேன்.

“வேலை இல்லையோ?” என்று கேட்டார் அக்கா.

“எப்பிடித் தெரியும்?”

“செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு நீச்சல் சேர்ட்டிபிக்கற் லாமினேற் பண்ண வாற ஆம்பிளைக்கு வேலை இருக்காது. சிரிக்கத் தெரியுமோ?”

“தெரியும்.”

“எனக்குத் தெரியாது. முன்னுக்கு நில்லும்.”

என் சிரிப்பைப் பற்றி அவருக்கு முழுவதும் தெரிந்திருந்தால் எடுத்திருக்கமாட்டார். மற்றவர்களுக்குப் பயம் வந்தால் வேர்க்கும். எனக்குச் சிரிப்பு வரும். செத்தவீட்டில் சிரித்திருக்கிறேன். குடியேற்ற விசாரணையில் நீதிபதிக்கு முன்னால் சிரித்தபோது மொழிபெயர்ப்பாளர் என் காலில் மிதித்தார். என் மனுசிக்கு மட்டும் இது தெரியும். நான் தனியே சிரிக்கிற சத்தம் கேட்டால் ‘என்ன பகிடி’ என்று கேட்கமாட்டாள். ‘என்ன பயம்?’ என்றுதான் கேட்பாள்.

கடையின் சுவரில், காசு மேசைக்கு மேலே, கடைத் திறப்புவிழாப் படம் தொங்கியது. குத்துவிளக்கைச் சுற்றிப் பதினொரு பேர் நின்ற படமாம். நான் போனபோது நாலு பேர்தான் மிச்சம். அக்கா, அவரின் தமக்கை, கொத்துரொட்டிக் கடைக்காரர், ஐயர். மற்றவர்கள் தகரத்துக்குள். அந்தப் படத்தில் அக்காவின் வலது கை மணிக்கட்டோடு முடிந்துவிடும். விரல்கள் இல்லை. விளக்குக்குப் பின்னால் மறைந்திருக்கிறது என்று வருகிற ஆட்கள் நினைப்பார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காதே, ஒருநாள் கேட்டேன்.

“அக்கா, உங்கட கை எங்க?”

“வேலையா இருக்கு” என்றார்.

ஒரு வருசம் முடிந்த காலையில் கடை திறக்கிறேன், படத்தில் ஐந்து பேர். ஐந்தாவது ஆள் நான்! பார்க்கிங்கில் பனி அள்ளும்போது எனக்குத் தெரியாமல் எடுத்த படம். பட்டுச் சேலைகளுக்கும் பட்டு வேட்டிக்கும் நடுவில், அக்காவுக்குப் பக்கத்தில், தடித்த ஜக்கெற்றும் கையில் பனிச் சவளுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். நான் போகாத விழா அது. அந்தக் காலத்தில் அக்காவை எனக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் ஒட்டின இடம் தெரியவில்லை. நிழல் கூட விழுந்திருந்தது.

அக்கா அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் மனுசியிடம் அதையே நாலைந்து தரம் சொன்னேன். அவள் “பேப்பரில ஒட்டினதுக்கே உந்தப் பாடோ” என்றாள். சரிதான். ஆனால் கார்ச் சாமான் தொழிற்சாலையில் பதினேழு வருசம் நின்றேன், ஒருவரும் என்னை ஒன்றிலும் ஒட்டவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு பயம் மட்டும்தான். அந்த இடம் போய்விடக்கூடாது. காலையில் கதவைத் திறந்ததும் முதலில் சுவரைப் பார்ப்பேன், சவள் நிற்கிறதா என்று. ஐயர் ஒருநாள் படத்தில் இருந்து காணாமல் போனார். என்ன மந்திரத்தைப் பிழையாகச் சொன்னாரோ தெரியாது. அன்றைக்கு முழுவதும் நான் சிரித்துக்கொண்டே வேலை செய்தேன்.

அந்த வருசம்தான் யப்பான் அன்ரி வந்தார். நாங்கள் வைத்த பெயர் அது. கடை இருந்த பிளாசாவுக்குப் பின்னால் இருந்த உயரக் கட்டடத்தில் தனியே இருந்த, எண்பது வயது தாண்டின ஒரு யப்பானிய அம்மா. துணி சுற்றின ஒரு மட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்து அவிழ்த்தார். தகப்பன் வைத்திருந்த ஆறு படங்களில் ஒன்று. ஆறும் ஒரே வீதியின் படங்கள். யப்பானில் எடோ நகரில் இருந்து கியோட்டோவுக்கு ஆட்கள் நடந்தும் குதிரையிலும் போன பழைய வீதி. வீதியோரத்துக் கிராமங்களை மரப்பலகையில் செதுக்கி, மையைப் பூசிக் கடதாசியில் ஒற்றி எடுத்தவை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு பலகையாம். வருசத்துக்கு ஒன்றாகக் கொண்டுவருவேன், ஆறையும் பிரேம் போட்டு முடிக்கிறவரைக்கும் சாகமாட்டேன் என்று சொல்லி அந்த அம்மா சிரித்தார்.

முதல் படத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. ஒரு பெண், போகிற ஒரு வழிப்போக்கனைத் தோள்மூட்டையில் பிடித்து உள்ளே இழுக்கிறாள். அவனுக்கு விருப்பமில்லை. பக்கத்தில் ஒருவன் குதிரைக்கு வைக்கோல் செருப்புக் கட்டுகிறான். கூலிக்காரர் இரண்டு பேர் நெருப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோவணத்தைக் காயவைக்கிறார்கள். எங்கள் ஆட்களைப் போலவே இருந்தது.

அக்கா வளையல்களைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தார். கையைக் கழுவினார். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தவர் ஒரு மணித்தியாலம் நிமிரவில்லை. வாடிக்கைக்காரர் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

“தம்பி, இதில ஒருத்தனும் கமராவைப் பாக்கேல்லை” என்றார் கடைசியில்.

“அப்ப கமரா இல்லை அக்கா.”

“அதில்லை விசரா. ஒருத்தரும் ஒருத்தரோடயும் சேர்ந்து நிக்க வரேல்லை. அவனவன் தன்ர தன்ர வேலையைப் பாக்கிறான். இதில வெட்ட ஒண்டும் இல்லை.”

வெட்டுகிற கை அந்தப் படங்களில் மட்டும் பிளேட் எடுக்காது. கோதுமை மாவைத் தண்ணீராகக் கரைத்து, பின்னறை அடுப்பில் தானே கஞ்சிபோல் பசை காய்ச்சுவார். மெல்லிய கடதாசியில் இரண்டு சின்னப் பிடி செய்து, படத்தின் மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டித் தொங்கவிடுவார். படம் மூச்சு விடவேண்டுமாம். தேவை என்றால் ஈரப் பஞ்சால் ஒற்றிக் கழற்றி எடுத்துவிடலாமாம். எனக்கு அந்தப் பசையைக் கிண்டக்கூட விடமாட்டார்.

இப்படி நாலு வருசத்தில் நாலு படம். பனி கொட்டின ஒரு கிராமம். ஆற்றங்கரைக் கிராமத்து ஆட்கள் பயணிகளைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கிற படம். மா அரைக்கிற பெண்களின் படம். மற்றவர்களிடம் கொடுவாளாக இருந்த அக்கா, யப்பான் அன்ரி வந்தால் கதிரையைத் துடைத்துப் போடுவார். இருவருக்கும் பொதுவாக ஒரு முப்பது ஆங்கிலச் சொல் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள்.

ஐந்தாவதுதான் மழைப் படம். மலைச்சரிவில் ஒரு கிராமம், திடீர் மழை. பெண்கள் காயப்போட்ட தானியத்தைப் பாயோடு தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பல்லக்குத் தூக்கிகள் தலையைக் குனிந்து ஏறுகிறார்கள். ஒரு நாயும் ஓடுகிறது. ஒருவன் மட்டும் ஓடவில்லை. ஒரு வீட்டுக் கூரை ஓரத்தில் ஒதுங்கி நின்று மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிறான்.

“உதுதான் நீர்” என்றார் அக்கா, பூதக்கண்ணாடியை அவன் மேல் பிடித்து. “எல்லாரும் ஓடேக்க நிண்டு சிரிக்கிறவர்.”

நான் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

பிறகு அவர் மழையைக் காட்டினார். சரிந்து விழுகிற நூறு கறுப்புக் கோடுகள், தலைமயிரைப் போல.

“இந்த மழையை எப்பிடி வெட்டினவன் தெரியுமோ? கோடு பலகையில உயர்ந்து நிக்கவேணும், அப்பதான் மை பிடிக்கும். மழையை விட்டிட்டு, மழை இல்லாத இடமெல்லாம் வெட்டி எறிஞ்சிருக்கிறான். ஒரு கோடு உடைஞ்சால் சரி, பலகை முழுக்க நாசம்.” பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். “வெட்டத் தெரிஞ்சவன்.”

அவர் வாயில் இருந்து ஒரு மனிசனைப் பற்றி நான் கேட்ட ஒரே நல்ல சொல் அதுதான்.

அந்தக் கிழமை அக்காவுக்குக் கண் ஒப்பரேஷன். இரண்டு நாள் கடை என் பொறுப்பு. போகும்போது வாசலில் நின்று சொன்னார்: “மழைப் படத்தைத் தொடாதையும். பசை நான் வந்து காச்சுவன்.”

முதல் நாள் பத்திரமாகப் போனது. இரண்டாம் நாள் பகல், நல்ல வெக்கை. கூரையில் இருந்த ஏசி ஒழுகத் தொடங்கியது. சீலிங்கில் ஒரு மஞ்சள் வட்டம். நான் அண்ணாந்து பார்க்கிறேன், ஒரு சொட்டு விழுந்தது. மழைப் படம் கிடந்த மட்டைக்கு இரண்டு அங்குலம் தள்ளி.

மட்டையை மற்ற மேசைக்கு மாற்றினேன். அங்கேயும் ஒரு சொட்டு. பின்னறைக்குக் கொண்டுபோனேன். அங்கே சொட்டவில்லை. ஆனால் எனக்குள் சொட்டத் தொடங்கிவிட்டது.

கடதாசியில் தண்ணீர் பட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடக்கும்போது என் பிறப்பத்தாட்சிப் பத்திரம் நனைந்து, நான் பிறந்த மாதம் கரைந்துபோனது. பிறகு ஒரு அரசாங்கக் கந்தோரில் ஒருவர் பார்த்து ஒரு மாதம் தந்தார். அதனால்தான் ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் லாமினேற் செய்யாத கடதாசி இல்லை. சாதகக் குறிப்பு, கலியாண எழுத்து, பிள்ளை முதல் முதல் கீறின பூனை. என் குடியேற்றப் பேப்பரில் லாமினேற் செய்யக்கூடாது என்று ஒரு வரி எழுதிக் கிடந்தது. அந்த வரிக்கு மேலாலேயும் லாமினேற் செய்தேன். அது செல்லாது என்று சொல்லி, புதிது எடுக்க எட்டு மாதம் அலைந்தேன்.

அப்படியிருந்தும், என் கை தன்பாட்டில் லாமினேற் மெசினைப் போட்டது. இதை நான் செய்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கைதான் செய்தது. சிவப்பு லைற் பச்சையானது. பிளாஸ்ரிக் உறைக்குள் படத்தை வைத்துத் தள்ளினேன். மெசின் மெதுவாக, ருசித்து ருசித்து இழுத்தது. பாதி உள்ளே போனதும்தான் மண்டைக்கு விளங்கியது. பாதி உள்ளே போனதை வெளியில் இழுக்கக்கூடாது என்பது அந்த மெசினின் முதல் சட்டம்.

மற்றப் பக்கத்தால் வந்து விழுந்தது. சுடச் சுட. நீலம் கறுத்து, பஞ்சுபோல் இருந்த கடதாசி அப்பளமாக அமுங்கி, பளபளவென்று, கொத்துரொட்டிக் கடை மெனுவைப் போல. ஒதுங்கி நின்று சிரிக்கிறவனின் முகத்தில் மட்டும் ஒரு காற்றுக் குமிழி.

குளிரில் பிளாஸ்ரிக் கழலும் என்று யாரோ சொன்ன ஞாபகம். யார் சொன்னது? பயத்தில் நானே எனக்குச் சொல்லியிருப்பேன். பக்கத்துக் கடைக்கு ஓடி, “அண்ணை, உங்கட ஃபிறீசரில ஒரு சாமான் வைக்கவேணும், கேள்வி கேக்காதையுங்கோ” என்றேன். அவர் கேட்கவில்லை. பழைய யப்பான் வீதியின் ஒரு கிராமம், அன்றைக்கு ஒரு மணித்தியாலம் ஆட்டிறைச்சிப் பொதிகளுக்கு மேல் கிடந்தது. நான் ஃபிறீசருக்குப் பக்கத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். கொத்துப் போடுகிற பெடியன் தகட்டுச் சத்தத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

ஒன்றும் கழலவில்லை.

அடுத்த நாள் அக்கா ஒரு கண்ணில் பிளாஸ்ரிக் மூடியோடு வந்தார். நான் படத்தை மேசையில் வைத்தேன். மற்றக் கண்ணால் பார்த்தார். தூக்கிப் பார்த்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“இறைச்சி மணக்குது” என்றார்.

அவ்வளவுதான். கத்தினால் தாங்கியிருப்பேன். மூன்று நாள் என்னோடு சாதாரணமாகக் கதைத்தார். மூன்று நாளும் நான் காலையில் சுவரைப் பார்த்தேன். சவள் நின்றது. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

நாலாம் நாள் யப்பான் அன்ரி வரவேண்டும். அதற்கு முதல் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“நீரே குடும். நடந்ததைச் சொல்லும். ஆனால் மன்னிப்புக் கேக்காதையும்.”

“கேக்காமலோ?”

“கேட்டால் அவ பரவாயில்லை எண்டு சொல்லவேண்டி வரும். படமும் போய், அந்தக் கரைச்சலும் அவவுக்கு எதுக்கு?”

யப்பான் அன்ரி வந்தார். அக்கா துடைத்து வைத்த கதிரையில் இருந்தார். நான் படத்தைக் கொடுத்தேன், தண்ணீர் சொட்டினதைச் சொன்னேன், மெசினைச் சொன்னேன். ஃபிறீசரைச் சொல்லவில்லை. பிறகு என் வாய், என்னைக் கேட்காமல், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றது. ஒருதரம் இல்லை, ஆறேழு தரம்.

அந்த அம்மா படத்தை மடியில் வைத்து, பிளாஸ்ரிக்கின் மேல் விரலை மெதுவாக ஓடவிட்டார். பாய் தூக்கிக்கொண்டு ஓடுகிற பெண்கள், பல்லக்கு, நாய். விரல் குமிழியில் வந்து நின்றது.

“பரவாயில்லை” என்றார். பிறகு, என்னைப் பார்த்து, ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, “இனி இவர்கள் நனைய மாட்டார்கள்” என்றார்.

நான் சிரித்தேன்.

சும்மா புன்னகை இல்லை. கெக்கட்டம். நிறுத்த நினைக்க நினைக்கக் கூடியது. அந்த அம்மா மரியாதைக்குக் கொஞ்சம் தலையை ஆட்டிவிட்டு, படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு எழும்பிப் போனார். அக்கா கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். மூடாத கண்ணால் என்னைப் பார்த்தார். வெட்டுவதற்கு முதல் ஒரு படத்தைப் பார்க்கிற பார்வை அது. எந்த இடத்தால் போனால் மற்றவர்களுக்குச் சேதமில்லை என்று பார்ப்பது.

“அக்கா, அது பயத்தில...” என்றேன். சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

“நாளைக்கு ஒன்பது மணிக்குத் திறவும்” என்றார்.

ஒன்பது மணிக்குத் திறந்தேன். படத்தில் அக்காவும் தமக்கையும் கொத்துரொட்டிக் கடைக்காரரும். அக்காவுக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு. சவள் இல்லை, சவளின் நிழலும் இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

வேலையை விட்டு நிறுத்தவில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன். நிறுத்தியிருந்தால் புண்ணியம். இன்னும் இரண்டு வருசம், நான் இல்லாத படத்துக்குக் கீழே நின்று நான் வேலை செய்தேன். வருகிற ஆட்களோடு பகிடி விட்டேன். அக்கா தேத்தண்ணி குடித்தார், ஏசினார், வெட்டினார். படத்தைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. ஒருநாள் அவர் பின்னறைக்குப் போன நேரம் கதிரைக்குக் கீழே குனிந்து தகரத்தைத் தொட்டேன்.

“தேடாதையும்” என்று உள்ளே இருந்து குரல் வந்தது. “அதுக்க நெரிசல்.”

வருசம் திரும்பியபோது அக்கா பசை மாவை வாங்கி வைத்தார். ஆறாவது படம் வரவில்லை. அடுத்த வருசமும் வாங்கி வைத்தார். பின்பக்க யன்னலால் அந்த அம்மாவின் கட்டடத்தைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். அந்த அம்மா செத்துவிட்டாரா, இருக்கிறாரா என்று போய் விசாரிக்க எங்கள் இருவருக்கும் தைரியம் வரவில்லை. இரண்டாம் வருச மாவில் வண்டு விழுந்ததும், அதை எறியச் சொல்லி என்னிடம் தந்தார். அன்றைக்குப் பின்னேரம் நானாகவே கடைப் பூட்டின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். “போறீரோ” என்று அக்காவும் கேட்கவில்லை.

அக்கா போன மாரிக் குளிரில் செத்துப்போனார். செத்தவீட்டில் வைத்த படத்தை வேறு யாரோ கொம்பியூட்டரில் செய்திருந்தார்கள். பின்னால் முகில், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை, உதட்டில் அவர் வாழ்நாளில் சிரிக்காத ஒரு சிரிப்பு. அவர் எழும்பி வந்து வெட்டியிருப்பார்.

ஒரு மாதம் கழித்து அவரின் தமக்கையின் மகள் என் வீட்டுக்கு வந்தாள். இங்கே பிறந்த பிள்ளை.

“அங்கிள், இது உங்களுக்கு எண்டு சின்னம்மா எழுதி வச்சிருக்கிறா. ஐ டோன்ட் நோ வை. நான் ஓப்பின் பண்ணிப் பாத்தன். இற்ஸ் ஸோ க்ரீப்பி.”

நீலத் தகரமும், சுவரில் தொங்கின படமும். தகரத்தின் மூடியில் அக்காவின் எழுத்து: ‘கேட்டு வந்தால் குடுக்கவும்.’

மனுசி தகரத்தை வீட்டுக்குள் விடமாட்டேன் என்றாள். தலைகள் கிடக்கிற சாமானாம். கராஜுக்குப் போகிற வழியில் ஒரு சின்ன மேசையைப் போட்டு, அதில் கொட்டினேன். நூற்றுக்கணக்கான ஆட்கள். பேரப்பிள்ளையைத் தூக்கின மருமகன். வலது கையில் நாலு விரல் இல்லாத ஒரு மாப்பிள்ளை. ஐயர். பட்டு வேட்டியோடு உயரமான ஒரு மனிசன், பின்னால் திறப்புவிழாத் தோரணம். அவருடைய முழங்கையை ஒரு பெண்ணின் விரல்கள் பிடித்திருந்தன. மணிக்கட்டில் ஒரு வளையல், அதுக்கு அங்கால் ஒன்றும் இல்லை. அந்த வளையலை எனக்குத் தெரியும். யப்பான் படம் வந்தால் லாச்சிக்குள் போகிற வளையல்.

அவரைக் கேட்டு ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள். அவரைத் திருப்பி மெதுவாக வைத்துவிட்டு, என்னைத் தேடினேன்.

அடியில் கிடந்தேன். ஜக்கெற், சவள், சிரிப்பு. எடுத்ததும் விரலில் வழுக்கியது. லைற்றுக்குப் பிடித்துப் பார்த்தேன். பளபளத்தது. அந்தத் தகரத்துக்குள் இருந்த அத்தனை பேரிலும் என்னை மட்டும் லாமினேற் செய்திருந்தார். ஓரம் சுற்றிவர ஒரே அளவாக, ஒரு குமிழியும் இல்லாமல்.

சுவர்ப் படத்தை மேசையில் வைத்தேன். அதில் இப்போது அக்காவும் குத்துவிளக்கும் மட்டும்தான். தமக்கையும் கொத்துரொட்டிக் கடைக்காரரும்கூட எப்போதோ தகரத்துக்குப் போய்விட்டார்கள். நான் அடுப்படிக்குப் போய், அவர் செய்கிற மாதிரியே கோதுமை மாவைக் கரைத்துக் காய்ச்சினேன். என் முதுகில் பூசி, அக்காவுக்குப் பக்கத்தில் வைத்து, பெருவிரலால் அமத்தி, அறுபது வரை எண்ணினேன். படத்தை நிமிர்த்தினேன். சவளோடு நான் மெதுவாகச் சரிந்து, அக்காவின் சேலைக் கரையைத் தாண்டி, விளக்கைத் தாண்டி, மேசையில் விழுந்தேன்.

கடைப் பசை பூசினேன். விழுந்தேன். மகளின் பள்ளிக்கூடப் பசை. விழுந்தேன். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். பிளாஸ்ரிக் முதுகில் பசை ஒரு சொட்டும் பிடித்திருக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கக் கூடியது.

குசினியில் இருந்து மனுசியின் குரல் கேட்டது.

“என்னப்பா, என்ன பயம்?”